எஞ்சினியர் என்ற பெயரா, எஞ்சினியரிங் வேலையா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சிம்பாங் ரெங்கத்தில் வழக்கமாகப் பசியாறும் கடையில் உட்கார்ந்திருந்தேன். ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் ஒருவர் வந்து எதிரே அமர்ந்தார். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். முகம் பழக்கம், பேசியதில்லை.

"அண்ணே, நீங்கதானே பேப்பர்ல படிப்பு, வேலை பத்தி எழுதுறது? ஒரு விஷயம் கேக்கணும்."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு விளம்பரத் தாளை எடுத்து விரித்தார். ஒரு தனியார் கல்வி நிலையத்தின் முதுகலைப் படிப்பு. பெயரில் 'எஞ்சினியரிங்' என்ற சொல் இருந்தது. கட்டணம் முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல்.

அவர் மகள் இந்த ஆண்டுதான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டப்படிப்பை முடித்திருக்கிறாள். நல்ல புள்ளிகள். எஸ்.டி.பி.எம். முடித்து யூ.பி.யூ.வில் விண்ணப்பித்தபோது முதல் தேர்வு மெக்கானிக்கல் எஞ்சினியரிங். கிடைத்தது ஐந்தாவது தேர்வான பிசிக்ஸ். நம் வீடுகளில் இது புதிய கதையல்ல. கிடைத்ததை விடக்கூடாது என்று சேர்ந்தாள், நன்றாகவே படித்தாள். ஆனால் மெக்கானிக்கல் ஆசை போகவில்லை.

"இந்த ரெண்டு வருசப் படிப்பு முடிச்சா எஞ்சினியர் ஆயிடலாம்னு அந்த ஏஜெண்டு சொல்றாருண்ணே. அரசாங்க அங்கீகாரமும் இருக்காம். இ.பி.எஃப்.ல இருந்து எடுத்துக் கட்டிடலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் முன்பணம் கட்டணும். கட்டலாமா?"

நான் பதில் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். "உங்க மகளுக்கு எஞ்சினியர்ங்கிற பேரு வேணுமா, எஞ்சினியரிங் வேலை வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே?"

இல்லை. அந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். இயற்பியல் பட்டத்தோடு மெக்கானிக்கல் பக்கம் போக நினைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

ஒரு கையெழுத்தின் கதை

நானும் பிசிக்ஸ்காரன்தான். ஓய்வு பெறும்வரை தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஓர் ஆலையில் நீராவிக் குழாயின் தாங்கிகள் அடிக்கடி விரிசல் விட்டன. பற்றவைப்பார்கள், சில மாதங்களில் மறுபடியும் விரியும். நான் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, வெப்பம் ஒரு பாகை ஏறினால், ஏறக்குறைய 12 மைக்ரோமீட்டர் நீளும். குழாயின் நீளம் 40 மீட்டர். ஆலை நின்றிருக்கும்போது 30 பாகை. நீராவி ஓடும்போது 140-ஐத் தாண்டும். பெருக்கிப் பார்த்தால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீள்கிறது. இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டி வைத்தால் அந்த ஐந்து சென்டிமீட்டர் எங்கே போகும்? தாங்கியை உடைக்கத்தான் செய்யும். நடுவில் 'யூ' வடிவத்தில் ஒரு வளைவு வைத்தால் குழாய் அதில் நெளிந்து கொடுக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் வரைபடத்தில் கையெழுத்துப் போட வெளியிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். பெயருக்கு முன்னால் 'ஐ.ஆர்.' என்ற எழுத்துகள். என் கணக்கைப் பார்த்தார், சரி என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "வளைவு வச்ச பிறகும் கொதிகலன் வாய்ப்பகுதியில எவ்வளவு விசை விழும்? விதித்தொகுப்புல சொன்ன அளவுக்குள்ள இருக்கா?" எனக்குத் தெரியவில்லை. அவர் அதையும் கணக்கிட்டு, வளைவைக் கொஞ்சம் பெரிதாக்கி, கையெழுத்துப் போட்டார். வரைபடத்தில் என் பெயர் இல்லை.

அன்று இரவு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தபோது நியாயம் புரிந்தது. குழாய் ஏன் உடைகிறது என்று கண்டுபிடிக்க இயற்பியல் போதும். 'இது உடையாது, உடைந்தால் நான் பொறுப்பு' என்று சொல்வதற்கு அது மட்டும் போதாது. அதற்கு வேறொரு பயிற்சியும், சட்டம் தரும் அதிகாரமும் வேண்டும். வேலை என்னுடையதாக இருந்தது. பெயர் அவருடையதாக இருந்தது.

இரண்டு அங்கீகாரங்கள்

நம் நாட்டில் அந்த அதிகாரத்தை வரையறுப்பது 1967-ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டம். அதை நிர்வகிப்பது மலேசியப் பொறியியலாளர் வாரியம். அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் இளங்கலைப் பட்டம் பெற்றவர் முதலில் அங்கே பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு குறைந்தது மூன்று ஆண்டு நடைமுறைப் பயிற்சி. அதன் பின் தொழில்முறை மதிப்பீடு. அதில் தேறினால்தான் தொழில்முறைப் பொறியியலாளர்; பெயருக்கு முன்னால் 'ஐ.ஆர்.'.

இங்கே 'அங்கீகாரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த ஏஜெண்டு பொய் சொல்லவில்லை, பாதி உண்மையைச் சொன்னார். ஒரு படிப்பு முறையானதுதான் என்று பொதுவாக அங்கீகரிப்பது எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி ஆணையம். அந்தப் பட்டத்தை வைத்து மேலே படிக்கலாம், வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பொறியியல் பட்டம் பொறியியலாளராகப் பதிவதற்கு ஏற்றதா என்று சோதிப்பது இ.ஏ.சி. எனப்படும் பொறியியல் அங்கீகார மன்றம். இது இளங்கலைப் படிப்புகளைப் பார்க்கிறது. நம் நாடு 2009-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதனால் இ.ஏ.சி. அங்கீகரித்த பட்டத்துக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு.

ஆக, முதல் பட்டம் இயற்பியலாக இருந்து, அதன் மேல் ஒரு பொறியியல் முதுகலையை ஏற்றி வைத்தால், அடித்தளம் பொறியியல் ஆகிவிடாது. முதுகலை வீண் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கும், குறிப்பிட்ட துறையில் ஆழமாகப் போவதற்கும் அது நல்லது. ஆனால் 'எஞ்சினியர் என்ற பதிவு கிடைக்கும்' என்று நம்பி அதற்குப் பணம் கட்டக்கூடாது. யாராவது கிடைக்கும் என்று சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்பே, படிப்பின் பெயரையும் கல்வி நிலையத்தின் பெயரையும் குறிப்பிட்டு வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்குச் செலவில்லை.

கலாம் போன வழி

இதைச் சொன்னால் உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள். "அப்துல் கலாம் பிசிக்ஸ்தானே படிச்சார்?" என்று. உண்மைதான். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954-இல் பட்டம் பெற்றவர் அவர். ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

சென்னை குரோம்பேட்டையில் தொழிலதிபர் சி. ராஜம் 1949-இல் தொடங்கிய கல்லூரி, மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. அறிவியலில் இளங்கலை முடித்தவர்களைச் சேர்த்து மூன்று ஆண்டுகளில் எஞ்சினியர் ஆக்குவதுதான் அந்தக் கல்லூரியின் வழி. விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் என்று அன்றைக்கு மற்ற கல்லூரிகளில் எளிதில் கிடைக்காத பிரிவுகள் அங்கே இருந்தன. கலாம் விமானப் பொறியியலில் சேர்ந்தார். சேர்க்கைக்கு ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது; வீட்டில் இல்லை. அவருடைய அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இதைக் கலாமே தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார்.

அதே திருச்சிக் கல்லூரியில் அதே காலத்தில் இயற்பியல் படித்த இன்னொருவர், அதே குரோம்பேட்டைக்குப் போய் மின்னணுவியல் படித்தார். பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றார். அவர்தான் எழுத்தாளர் சுஜாதா.

கலாமுக்கு இஸ்ரோவில் தலைவராக இருந்த சதீஷ் தவான் இன்னும் சுவாரசியமானவர். லாகூரில் கணிதமும் இயற்பியலும் படித்தார், ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தார், அதற்குப் பிறகு மெக்கானிக்கல் எஞ்சினியரிங் பட்டம் பெற்றார். 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, நிறுவனத்தின் தலைவரும் திட்ட இயக்குநரும் இயற்பியலிலிருந்து பொறியியலுக்கு வந்தவர்கள்.

இவர்கள் மூவரும் குறுக்கு வழியில் போகவில்லை. முழுப் பொறியியல் படிப்பை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்கள். ஜொஹராவின் நகை அடகுக்குப் போனது. ஆனால் அது சரியான வாசலுக்குப் போனது.

குரோம்பேட்டைக் கல்லூரி பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்க்கும் நான்காண்டுப் படிப்புக்கும் மாறியது. ஆனாலும் தமிழ்நாட்டில் அந்த வாசல் முழுவதும் மூடவில்லை. கணிதத்தை ஒரு பாடமாகப் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர இன்றும் வழி இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே போக நினைத்தால் இங்குள்ள வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். இந்தியா 2014-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் சேர்ந்தாலும், அங்குள்ள எல்லாக் கல்லூரிகளின் எல்லாப் படிப்புகளும் அதற்குள் வருவதில்லை.

இங்கேயே படிப்பதென்றால் நான்காண்டுப் பொறியியல் பட்டம். ஏற்கெனவே படித்த கணிதம், பொதுப் பாடங்கள் போன்றவற்றுக்குச் சில பல்கலைக்கழகங்கள் விலக்கு தரலாம். எவ்வளவு என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் சொல்ல வேண்டும். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஸ்கூடாயில் யூ.டி.எம். இருக்கிறது. இரண்டிலும் நேரில் போய்க் கேட்கலாம். இருபத்து மூன்று வயதுப் பெண் முடிக்கும்போது இருபத்தேழு ஆகிவிடும். பெரிய வயதில்லை. ஆனால் வீட்டின் நிலைமை அந்த நான்கு ஆண்டைத் தாங்குமா என்பதை ஒளிக்காமல் பேச வேண்டும்.

பெயர் வேண்டாம், வேலை போதும் என்றால்

இப்போது இரண்டாவது வாசல். இதைப் பற்றி நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. இயந்திரவியல் துறைக்குள் இயற்பியல் பட்டத்தையே நேரடியாக மதிக்கும் வேலைகள் பல இருக்கின்றன. இவற்றுக்கு 'ஐ.ஆர்.' தேவையில்லை. வேறு சான்றிதழ்கள் தேவை. அவற்றை வேலை பார்த்துக்கொண்டே வாங்கலாம்.

முதலாவது, உடைக்காமல் சோதிக்கும் துறை. தொழிலில் இதை 'என்.டி.டி.' என்பார்கள். எண்ணெய்க் குழாய், அழுத்தக் கலன், பற்றவைத்த இணைப்பு ஆகியவற்றுக்குள் விரிசல் இருக்கிறதா, சுவர் அரித்துப் போயிருக்கிறதா என்று வெட்டிப் பார்க்காமல் கண்டுபிடிப்பது. மீயொலி, கதிர்ப்படம், காந்தத் துகள், சுழல் மின்னோட்டம் என்று எல்லா முறையும் பிசிக்ஸ் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. எஃகில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் வேகத்தில் போகும். பத்து மில்லிமீட்டர் சுவரின் ஒரு பக்கம் ஒலியை அனுப்பினால், மறுபக்கம் பட்டு 3.4 மைக்ரோ வினாடியில் எதிரொலி திரும்பும். அதற்கு முன்பே திரும்பினால், ஒன்று சுவர் மெலிந்திருக்கிறது, அல்லது நடுவில் ஏதோ குறை இருக்கிறது. பாசிர் கூடாங்கிலும் பெங்கெராங்கிலும் இருக்கும் ஆலைகளுக்கு இந்தச் சோதனை தவிர்க்க முடியாதது. ஐ.எஸ்.ஓ. 9712 தர அளவில் மூன்று படிநிலைகள் உண்டு. மூன்றாம் நிலையை அடைந்தவரின் சொல்லுக்குப் பெரிய ஆலைகளும் காத்திருக்கும்.

இதன் சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். கதிர்ப்பட வேலை பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்த இரவில் நடக்கும். கதிரியக்கம் சம்பந்தப்பட்டதால் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் உண்டு. ஆலை நிறுத்தப் பருவத்தில் வாரக்கணக்கில் வீட்டுக்கு வர முடியாது. வெயில், உயரம், குறுகிய தொட்டி எல்லாம் உண்டு. பெண்கள் செய்ய முடியாத வேலை இல்லை, செய்கிறார்கள். ஆனால் தெரிந்து போக வேண்டும்.

இரண்டாவது, அதிர்வு ஆய்வு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், பம்ப், மின்விசிறி ஆகியவற்றின் அதிர்வைப் பதிந்து, எது எப்போது பழுதாகும் என்று முன்பே சொல்வது. மோட்டார் நிமிடத்துக்கு 1,480 சுற்று சுற்றினால், வினாடிக்கு 24.7 முறை. அந்த அதிர்வெண்ணில் அதிர்வு பெரிதாக இருந்தால் சுழலும் பாகத்தில் எடை சமநிலை இல்லை என்று சந்தேகிக்கலாம். அதன் இரு மடங்கில் பெரிதானால் இரண்டு தண்டுகள் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். முழு மடங்காக இல்லாத இடத்தில் முளைத்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஃபூரியர் பகுப்பாய்வைத் தேர்வுக்காக மட்டும் படித்த பிள்ளைக்கு, அது ஓர் ஆலையின் ஒரு நாள் உற்பத்தியைக் காப்பாற்றும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இதற்கு ஐ.எஸ்.ஓ. 18436 தர அளவில் நான்கு படிநிலைச் சான்றிதழ்கள் உள்ளன.

மூன்றாவது, அளவியல். கார் பாகம், விமானப் பாகம், மருத்துவக் கருவி எதுவானாலும், வரைபடத்தில் உள்ள அளவும் செய்த பொருளின் அளவும் ஒத்துப்போகிறதா என்று யாராவது அளக்க வேண்டும். நீளத்தை அளக்க உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 பாகை. நம் ஊர்த் தொழிற்கூடத்தில் 30 பாகை. ஒரு மீட்டர் எஃகுத் தண்டு அந்தப் பத்துப் பாகையில் 0.12 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டருக்குச் சண்டை போடும் தொழிலில் அது பெரிய பிழை. அதனால்தான் அளவீட்டு அறைகளைக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் ஆய்வகங்கள் நாடெங்கும் உள்ளன, இவை ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தில் இயங்குபவை. எல்லாவற்றுக்கும் மேலே செப்பாங்கில் தேசிய அளவியல் கழகம் இருக்கிறது. பிழையைக் கணக்கிடுவதற்குப் பிசிக்ஸ் சோதனைக்கூடத்தைவிட நல்ல பயிற்சி ஏது?

நான்காவது, வெப்பம். நம் ஊரைச் சுற்றியுள்ள செம்பனை ஆலைகளைப் பாருங்கள். குலைகளை வேகவைக்க ஏறக்குறைய மூன்று பார் அழுத்த நீராவி. வெப்பநிலை 140 பாகைக்கு மேல். பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்தே நீராவி எடுக்கிறார்கள். அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றி மின்சாரம் தருகிறது, பிறகு குலையை வேகவைக்கிறது. வெப்ப இயக்கவியல் பாடம் முழுவதும் அந்த ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. கொதிகலனை இயக்கும் பொறுப்புக்குத் தகுதிச் சான்றிதழ் பெற்றவர்களைத்தான் சட்டம் அனுமதிக்கும். ஆனால் ஆற்றல் கணக்கு, செயல்முறைக் கட்டுப்பாடு, ஆய்வகம் ஆகிய பக்கங்களில் இடம் உண்டு. தெற்கே கூலாய், செடெனாக் பக்கம் தரவு மையங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு தரவு மையம் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். அதை வெளியேற்றுவது இயந்திரவியல் வேலை; புரிந்துகொள்ள வேண்டியது இயற்பியல்.

ஐந்தாவது, கணினியில் மாதிரி செய்து பார்ப்பது. ஒரு பாகம் எங்கே வளையும், காற்று எப்படி ஓடும், சூடு எங்கே தேங்கும் என்று செய்வதற்கு முன்பே கணக்கிடுவது. சமன்பாடுகளோடும் நிரலாக்கத்தோடும் பழகிய இயற்பியல் பிள்ளைகள் இதில் வேகமாக வளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழியில் போகிறவர்களுக்கும் ஓர் அங்கீகாரம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம், பொருளறிவியல், தயாரிப்புத் தொழில், அணு மற்றும் கதிரியல் என்று பல துறைகளில் தொழில்முறைத் தொழில்நுட்பவியலாளர் தகுதியைத் தருகிறது. பெயருக்கு முன்னால் 'டி.எஸ்.' என்று போட்டுக்கொள்ளலாம். பொறியியலாளரின் கையெழுத்துக்கு அது மாற்றாகாது. ஆனால் உழைப்புக்குச் சட்டம் தரும் மரியாதை அது. உங்கள் பட்டம் எந்தத் துறையின் கீழ் வரும் என்பதை அந்த வாரியத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன குறைகிறது?

இயற்பியல் படித்தவர் ஆலைக்குள் நுழையும் முதல் நாளே அவருக்குத் தெரியாத நான்கு விஷயங்கள் எதிரே வரும். நேர்முகத் தேர்விலும் இவற்றைத்தான் கேட்பார்கள்.

ஒன்று, பொறியியல் வரைபடம். அதைப் படிக்கவும் கணினியில் வரையவும் தெரிய வேண்டும். இரண்டு, அளவில் எவ்வளவு விலகல் அனுமதிக்கலாம் என்ற ஏற்புவரம்பு. மூன்று, பொருள்களின் வலிமை: எந்த எஃகை எதற்குப் பயன்படுத்துவது, எப்போது முறியும், எப்போது களைத்துப் போகும். நான்கு, கடைசல், பற்றவைப்பு, வார்ப்பு என்று பொருளைச் செய்யும் முறைகள். இந்த நான்கையும் ஓரளவு தெரிந்துகொள்ள இரண்டு வருட முதுகலை தேவையில்லை. ஆறு மாத உழைப்பு போதும். சமூகக் கல்லூரிகள் குறைந்த கட்டணத்தில் பொதுமக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. பத்து பகாட்டில் அட்டெக் தொழிற்பயிற்சி மையம் இருக்கிறது. அங்கெல்லாம் என்ன பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று விசாரியுங்கள்.

இன்னொன்று: கை அழுக்காக வேண்டும். பட்டதாரியான பிறகு பெஞ்சில் நின்று அரம் பிடிப்பதா என்று நினைத்தால் இந்தத் துறை வேண்டாம். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் எஸ்.பி.எம். கூட முடிக்காத ஒரு சீனப் பெரியவர். பம்பின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் கைப்பிடியில் காதை வைத்துப் பேரிங் பழுதைச் சொல்லிவிடுவார். நான் அதிர்வெண் அட்டவணையோடு போய் நிற்பேன், இரண்டும் ஒத்துப்போகும். அவரை மதிக்கத் தெரிந்த பிறகுதான் என் பட்டத்துக்கு அங்கே மதிப்பு வந்தது.

பணம் கட்டுவதற்கு முன்

பெற்றோர்களுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லி முடிக்கிறேன். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

இந்தப் படிப்பை முடித்தால் பொறியியலாளர் வாரியத்தில் பதிய முடியுமா? பதிலை ஏஜெண்டிடம் கேட்காதீர்கள், வாரியத்திடம் கேளுங்கள்.

பதிய முடியாது என்றால், இந்தப் படிப்பு எந்த வேலைக்கு வழி காட்டுகிறது? அந்த வேலை விளம்பரங்கள் ஐந்தை எடுத்துப் பாருங்கள். அவற்றில் இந்தப் படிப்பைக் கேட்டிருக்கிறார்களா?

இந்தப் பணத்தில் பாதியைச் செலவு செய்து அதே வேலைக்குரிய தொழிற்சான்றிதழ் வாங்க முடியுமா?

லாரி ஓட்டும் அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் கடையில் உட்கார்ந்து சொல்லி முடிக்க ஒரு மணி நேரமானது. ரொட்டி சானாய் ஆறிப்போனது. அவர் விளம்பரத் தாளை மறுபடியும் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நான் லாரி ஓட்டுறவன், எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே. புள்ளகிட்டயே பேசுங்க" என்று எண்ணைக் கொடுத்தார்.

புதன்கிழமை இரவு அந்தப் பெண்ணோடு பேசினேன். அப்பாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். "எனக்கு அந்த மாஸ்டர்ஸ்ல அவ்வளவு இஷ்டமில்ல அங்கிள். ஆனா அப்பா தோட்டத்துல எல்லார்கிட்டயும் என் மக எஞ்சினியராகப் போறான்னு சொல்லிட்டாரு. அதை எப்படி இல்லைன்னு சொல்றது?"

முப்பதாயிரம் வெள்ளிக் கணக்கின் அடியில் இருந்தது இதுதான். அப்பா மகளுக்காகக் கட்ட நினைக்கிறார். மகள் அப்பாவுக்காகப் படிக்க நினைக்கிறாள். இருவருமே மற்றவர் மனதைக் கேட்கவில்லை.

அப்பாவிடம் நேராகப் பேசச் சொன்னேன். பேசியிருக்கிறாள். முன்பணம் கட்டவில்லை. வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். பாசிர் கூடாங்கில் ஒரு சோதனை நிறுவனத்தில் பயிற்சியாளர் வேலைக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகும் அந்தக் கையெழுத்து வேண்டும் என்று தோன்றினால், நான்கு வருடப் பட்டத்துக்குத் தன் சம்பளத்திலிருந்தே சேமிப்பாளாம். அவள் எந்த வாசலில் நுழைந்தாலும் எனக்குச் சம்மதம்தான். இப்போது அவளுக்கு இரண்டு வாசலும் தெரியும்.

தோட்டத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வார் என்று அவள் அப்பாவைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"பெரிய பெரிய குழாய்க்கு ஸ்கேன் எடுக்கப் போறா, டாக்டரு மாதிரின்னு சொல்லிக்கிறேண்ணே" என்றார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.